மறு: ஓவர்சாம்ப்ளிங், பின்னிங், லைன் ஸ்கிப்பிங் – சொற்கள் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். கேமராவின் சென்சாரில் (ஒளியைப் பதியும் சில்லு) உள்ள ஏராளமான பிக்சல்களைப் படித்து வீடியோவின் அளவுக்குச் சுருக்கும் மூன்று வழிகளுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். மேற்கோள்கள் முந்தைய மடல்களிலிருந்து.

> மூன்றையும் 'படக்குறைப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாமே. முடிவில் எல்லாம் 4கே வீடியோதானே?

அடக்க முடியாது ஐயா. கேமரா வாங்குகிறவர்கள் குழம்புவதே அந்த இடத்தில்தான். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரில் அகலவாக்கில் 6000 பிக்சல், உயரவாக்கில் 4000. வீடியோவின் 16:9 வடிவத்துக்காக மேலும் கீழும் ஒதுக்கிய பிறகும் இரண்டு கோடிக்கு மேல் மிஞ்சும். 4கே படத்துக்கு வேண்டியதோ 3840×2160, அதாவது சுமார் 83 லட்சம். இரண்டு கோடியை 83 லட்சமாக்க எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறிவிடுகிறது.

எல்லாப் பிக்சலையும் படித்து, பிறகு கணக்குப்போட்டுச் சுருக்கினால் (ஓவர்சாம்ப்ளிங்) கூர்மை நன்றாக வரும், இரைச்சலும் (படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகள்) குறையும். ஆனால் படிக்க நேரம் பிடிக்கும், கேமரா சூடாகும். சென்சாரின் மேல்வரியைப் படிக்கும் கணத்துக்கும் கீழ்வரியைப் படிக்கும் கணத்துக்கும் இடைவெளி கூடுவதால், கேமராவைச் சட்டென்று திருப்பினால் நேரான தூண் சாய்ந்து தெரியும். வினாடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்தால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிவினாடிதான். அதற்குள் படித்து முடிக்க முடியாத கேமராக்கள் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் வரிகளை விட்டுவிட்டுப் படிக்கும் (லைன் ஸ்கிப்பிங்).

வரி விட்டால் என்ன ஆகும் என்பது 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2-இல் வீடியோ எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். நெருங்கிய கோடு போட்ட சட்டை ஃபிரேமுக்குள் வந்தால் போதும், அதில் இல்லாத வண்ண அலைகள் நெளியும். பின்னிங் இந்த இரண்டுக்கும் நடுவில்: பக்கத்துப் பிக்சல்களின் அளவுகளைச் சேர்த்து ஒன்றாகப் படிப்பது. (அப்படியே 'பின்னிங்' என்று எழுதினால் சடை பின்னுவதுதான் நினைவுக்கு வருகிறது.)

> எல்லாவற்றையும் படிப்பதற்கு 'முழுவாசிப்பு' போதும்.

'வாசிப்பு' எனக்கும் பிடித்திருக்கிறது. 'முழு' வேண்டாம். 2015இல் வந்த சோனி ஏ7ஆர் 2-ஐப் பாருங்கள். 42 மெகாபிக்சல். சென்சாரின் முழு அகலத்தில் 4கே எடுத்தால் எல்லாப் பிக்சலும் தனித்தனியாகப் படிக்கப்படுவதில்லை. சூப்பர் 35 (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சினிமா அளவு) அளவுக்கு நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் அங்குள்ள பிக்சல் ஒன்றையும் விடாமல் படிக்கிறது. ஆக, நறுக்கிய படம்தான் கூர்மை! இதற்கு 'முழு' என்று பெயரிட்டால் படிப்பவர் பரப்பை நினைப்பாரா, பிக்சலை நினைப்பாரா? நறுக்குக்கும் விலை உண்டு, பார்வை குறுகி, 24 மில்லிமீட்டர் லென்ஸ் 36 போல நடந்துகொள்ளும். ஆனால் அது பரப்பு பற்றிய சங்கதி, வாசிப்பு பற்றியது அல்ல.

அதனால் இரண்டையும் பிரித்துவிடுவோம். பரப்புக்கு முழுவகலம், நடுநறுக்கு. வாசிப்புக்கு விடாவாசிப்பு (எல்லாப் பிக்சலையும் படிப்பது), தொகுவாசிப்பு (பின்னிங்), தாவுவாசிப்பு (லைன் ஸ்கிப்பிங்). ஓவர்சாம்ப்ளிங்குக்கான 'மிகைமாதிரியெடுப்பு' பொறியியல் நூல்களில் அப்படியே இருக்கட்டும். அது வேறு கருத்தும்கூட: சோனியின் 12 மெகாபிக்சல் ஏ7எஸ் 2-இன் அகலம் 4240 பிக்சல்தான். எல்லாவற்றையும் படித்தாலும் அங்கே 'மிகை' என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

---

வணக்கம்.

தாவுவாசிப்பு அருமை, வினைத்தொகையாக இயல்பாக அமைந்திருக்கிறது. தொகுவாசிப்பில்தான் ஒரு சிக்கல். படத்தொகுப்பு என்றால் எடிட்டிங் என்று ஏற்கெனவே ஊன்றிவிட்டது. வீடியோ பற்றிய கட்டுரையிலேயே 'தொகு' இரண்டு பொருளில் வந்தால் உதைக்கும். 'கூட்டுவாசிப்பு'?

---

கூட்டுவாசிப்பு என்றால் பலர் ஒன்றாக உட்கார்ந்து புத்தகம் படிப்பது போல இருக்கிறதே. 'சேர்வாசிப்பு' என்று வைக்கலாமா? அதுவும் வினைத்தொகைதான், சேர்த்துப் படிப்பது என்ற பொருளும் நிற்கிறது. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் விடாவாசிப்பு, சேர்வாசிப்பு, தாவுவாசிப்பு என்றே ஏற்றிவிடுகிறேன். அப்புறம், தூண் சாய்வதற்கும் ஒரு சொல் வேண்டும். ரோலிங் ஷட்டர் என்பதை 'உருள்மூடி' என்று யாரோ முன்பு எழுதியிருந்தார்கள். இங்கே உருளுவதும் இல்லை, மூடுவதும் இல்லை. 'வரிப்பிந்தல்' என்று தொடங்கி வைக்கிறேன், அடித்துத் திருத்துங்கள்.