இரவே சமைத்த கட்டுச்சோறு மறுநாள் மதியம் வரை தாங்குமா?

நொய்யல்கரை:
அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. கோவையிலிருந்து காலை 5 மணிக்கு வேன் கிளம்பும், மதியம் 1 மணிக்குப் பந்தி. 60 பேர். புளியோதரை, சாம்பார் சாதம், தயிர் சாதம், தேங்காய்த் துவையல் என்று பேச்சு. இரவு 9 மணிக்கே சமைத்து அண்டாவில் மூடி வைத்து, காலையில் சூடு பண்ணி எடுத்துப் போகலாம் என்கிறார்கள் பெரியவர்கள். சரிப்படுமா? கோயிலில் தண்ணீர், கொட்டகை உண்டு. அடுப்பு நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

பந்திக்கட்டு:
அடுப்பு கொண்டுபோக முடியும் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. இரவுச் சமையல் வேண்டவே வேண்டாம்.

மூன்று வகைக்கும் சேர்த்து 6 கிலோ அரிசி போதும். புளியோதரைக்கு 2 கிலோ, சாம்பார் சாதத்துக்கு இரண்டரை, தயிர் சாதத்துக்கு ஒன்றரை.

புளிக்காய்ச்சலை மட்டும் முன்கூட்டியே செய்யலாம். 250 கிராம் புளி, 400 மில்லி நல்லெண்ணெய். பச்சை வாசனை போய், எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்ட வேண்டும். ஆறியதும் ஈரமில்லாத எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வையுங்கள். அலுமினியம் கூடாது, புளி அரித்துவிடும். பந்திக்குச் சற்று முன் கோயிலிலேயே சாதம் வடித்து, அகலத் தாம்பாளங்களில் பரப்பி, ஆவி அடங்கியதும் கிளறுங்கள். சுடச்சுட மூடினால் மூடியில் வேர்த்து, அந்த நீர் திரும்பச் சோற்றில் சொட்டும். முதலில் நசநசத்துப் போவது அந்த இடம்தான்.

சாம்பார் சாதத்தையும் கோயிலிலேயே 11 மணிக்கு ஏற்றுங்கள். அரிசி, ஒன்றேகால் கிலோ துவரம்பருப்பு, பொடி எல்லாம் உலர்ந்தபடியே வரட்டும். நறுக்கிய காய் ஐஸ் பெட்டியில் வரட்டும். ஹாட் பாக்ஸில் கொண்டுபோகலாமே என்று யாராவது சொல்வார்கள். கொதிநீர் ஊற்றிக் கால் மணி நேரம் சூடேற்றிய நல்ல பெட்டியானாலும், 4 மணிக்கு அடைத்ததை 1 மணிவரை நம்ப முடியாது.

தேங்காய்த் துவையலை விட்டுவிடுங்கள். ஈரத் தேங்காய் வெயிலில் அரை நாள் தாங்காது. வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் போதும்.

தயிர் சாதத்துக்குப் பாலைக் கூடுதலாக ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் மதியத்துக்குள் பதமாகத் தோய்ந்திருக்கும்.

நுண்ணோக்கி:
கடைசி வரி தவிர எல்லாவற்றுக்கும் உடன்படுகிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

"காலையில் சூடு பண்ணிக்கொள்ளலாம்" என்ற எண்ணம்தான் ஆபத்து. அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நிற்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு எந்த அடுப்புச் சூட்டிலும் அழியாது. பாக்டீரியா செத்துவிடும், நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். வேன் திரும்பும் வழியில்.

பருப்பும் இறைச்சியும் பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும்போது இன்னொன்று வளரும். பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். 43 முதல் 47 டிகிரி வரை அதற்கு மிகப் பிடித்த சூடு. அந்த நிலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. அண்டாவின் நடுப்பகுதி இரவெல்லாம் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் நிற்கும். இதற்கெல்லாம் வாடையோ நுரையோ வரவேண்டும் என்பதில்லை. முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழ். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பாத்திரத்தின் நடுவில் குத்திப் பாருங்கள்.

இப்போது தயிர் சாதம். பால் அதிகம், தயிர் கொஞ்சம் என்றால் புளிப்பு ஏற நேரமாகும். அந்த இடைவெளியில் சோறும் பாலும் வெதுவெதுப்பாகக் கிடக்கும். பாதிக்குப் பாதி தயிர் விட்டு, கலந்ததைக் குளிரவைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். கூடுதல் புளிப்பை அங்கே குளிர்ந்த பால் ஊற்றிச் சரிசெய்யலாம்.

பந்திக்கட்டு:
ஐஸ் பெட்டி உண்டென்றால் அப்படியே செய்யலாம். ருசிக்குப் பார்த்துச் சொன்னேன், நீங்கள் சொல்வதுதான் பத்திரம்.

மல்லிச்செடி:
சாம்பாரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் புளிக்காமல் நிற்குமே?

நுண்ணோக்கி:
தயவுசெய்து வேண்டாம். சோடா புளிப்பை முறிக்கும், கிருமியைக் கொல்லாது. கிருமிகளைத் தடுத்து நிற்பது அந்தப் புளிப்புதான். அதையும் எடுத்துவிட்டால் அவற்றுக்கு வசதி, கெட்டதைக் காட்டும் சுவையும் மறைந்துபோகும்.

நொய்யல்கரை:
நன்றி. இரவுச் சமையலைக் கைவிட்டாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். தயிர் சாதத்துக்கான சோற்றை எப்படிச் சீக்கிரம் குளிரவைப்பது, அண்டாவோடு ஃபிரிட்ஜில் வைக்கலாமா? மிச்சமான சாதத்தைக் கட்டிக்கொண்டு வரலாமா?

பந்திக்கட்டு:
அண்டாவோடு வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும், பக்கத்தில் இருக்கும் பாலும் சூடேறும். குழைய வடித்த சோற்றை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்பி, தட்டுகளை ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறிக்கொண்டே இருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். தயிரும் ஃபிரிட்ஜிலிருந்து நேரே வரட்டும்.

கையில் வெட்டுக்காயமோ கொப்புளமோ உள்ளவர் சோறு பிசையக் கூடாது. அதிலிருந்து வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் சூட்டுக்கு அசையாது. பரிமாறவும் கரண்டிதான்.

நுண்ணோக்கி:
மிச்சத்தைக் கொண்டுவர வேண்டாம். சூடோ ஐஸோ இல்லாமல் இரண்டு மணி நேரம் வெளியே இருந்த சாதத்தைக் கொட்டிவிடுங்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரமே கெடு. யாருக்காவது கொடுப்பதானால், சாம்பார் சாதம் அண்டாவில் 60 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே தனியாக எடுத்து, அங்கேயே உடனே சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.

வார்டு_செவிலி:
வேனில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. வாந்தி எடுப்பவருக்கு ஒரே மூச்சில் கொடுக்காமல் வாய்வாயாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை துவண்டு கிடத்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.