கழுத்தில் கொடி கிடக்கிறதே, உனக்கேன் ஃபூட் பாங்க்?

மூன்றாம்மாடி:

வணக்கம். இவ்வளவு காலமும் வாசித்துவிட்டுப் போகிறவள், இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

இலண்டனின் வடமேற்குப் பக்கம் இருக்கிறோம். இவர் ஒரு வேர்ஹவுஸில் இரவு வேலை செய்தவர். பங்குனியில் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்தது, இன்னும் அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க முடியாது. வேலையிடத்து நோய்க்காலக் காசு வாரம் 120 பவுண்ட்ஸ் அளவில் வருகிறது. நான் அலுவலகம் ஒன்றில் காலை 5 முதல் 7 வரை கிளீனிங். வாடகையும் கரண்டும் கட்டினால் கடைக்குக் காணாது. கவர்ன்மென்ட் காசுக்கு விண்ணப்பிப்போம் என்றால் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறார்.

வைகாசியில் மகளின் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகள் மத்தியானம் தரும் சாப்பாட்டில் பாதியை டிஷ்யூவில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைக்கிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு "அம்மா மத்தியானத்தில் சாப்பிடுவதில்லை" என்றிருக்கிறாள். அவளுக்கு 8 வயது. அந்த டீச்சர்தான், கஷ்டப்படுகிறவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் இலவசமாகத் தரும் உணவு வங்கிக்கு (ஃபூட் பாங்க்) கூப்பன் எடுத்துத் தந்தார்.

முதல் நாள் தமிழ்க்கடைப் பை ஒன்றைக் கொண்டுபோனேன், திரும்பி வரும்போது கடைக்குப் போய் வருகிற மாதிரி இருக்கட்டும் என்று. தேவாலய மண்டபம். பாஸ்தா, தக்காளி டின், பீன்ஸ் டின், தேயிலை, பிஸ்கட், கெடாத பால் இரண்டு பெட்டி. பஸ் தரிப்பிடத்தில் பை ஒரு பக்கம் கிழிந்து பீன்ஸ் டின் றோட்டில் உருண்டது. எடுத்துத் தந்தவர் தமிழ்ப் பள்ளியில் எங்களோடு நிற்கிற ஒரு அக்கா. மண்டபத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளி வாசலில் என் காதுபடவே கதை. "கழுத்தில் கொடி கிடக்கு, வாசலில் கார் நிக்குது, பிறகேன் ஃபூட் பாங்க்?" என்னுடைய 11 பவுண் தாலிக்கொடி சித்திரையிலேயே அடைவுக்குப் போய்விட்டது. கழுத்தில் கிடப்பது கவரிங். கார் பழசு, விற்றால் 900 பவுண்ட்ஸும் தேறாது, விடிய நாலரைக்கு வேலைக்குப் போக அதுதான் இருக்கிறது. இதையெல்லாம் நான் வாசலில் நின்று விளக்க வேண்டுமா?

ஒரு பிள்ளை என் மகளிடம் "நீங்கள் பிச்சை எடுக்கிறீர்களாம்" என்று சொல்லியிருக்கிறது. இலண்டனில் 2023 புரட்டாதியிலிருந்து அரச ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். அந்தப் பிள்ளையும் அதைத்தான் சாப்பிடுகிறது. அதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை.

அடுத்த கூப்பன் செவ்வாய்க்கிழமைக்கு இருக்கிறது. போகவா, விடவா? இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் என்ன செய்தீர்கள்?

நல்லூரான்82:

தங்கச்சி, மனம் நோகச் சொல்லவில்லை. நான் 1991இல் வந்தவன். பகலில் பெற்றோல் நிலையம், இரவில் கோப்பை கழுவல். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. உங்கள் நிலைமை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல காரில் வந்து இரண்டு பை தூக்கிக்கொண்டு போகிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சும்மா கிடைக்கிறது என்றால் சனம் வரும்தானே? அவர்களால்தான் உங்களுக்கும் இந்தப் பேச்சு.

கறிவேப்பிலை:

நான் கிழக்கு இலண்டனில் ஒரு உணவு வங்கியில் 6 வருடமாகத் தொண்டு செய்கிறேன்.

நல்லூரான் அண்ணா, "சும்மா கிடைத்தால் சனம் வரும்" என்பதை 2013இல் ஃப்ராய்ட் பிரபு என்ற அமைச்சர் பிரபுக்கள் சபையிலேயே சொன்னார். அதே வருடம் அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், உணவு வங்கிக்கு வருகிறவர்கள் தாங்களே எடுத்த முடிவுகளால் வந்த வினை என்றார். 2022இல் லீ ஆண்டர்சன் என்ற எம்.பி., சமைக்கத் தெரியவில்லை, 30 பென்ஸில் ஒரு சாப்பாடு செய்யலாம் என்றார். நாடாளுமன்றத்தில் இப்படிப் பேசினால் பள்ளி வாசலில் பேசாமல் இருப்பார்களா?

எங்களிடம் சும்மா வந்து அள்ள முடியாது. டாக்டரோ பள்ளிக்கூடமோ, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸோ நிலைமையைக் கேட்டுக் கூப்பன் தர வேண்டும். ஒரு பொதி மூன்று நாளுக்கு. நாடு முழுக்க உணவு வங்கிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ட்ரஸல் என்ற தொண்டு அமைப்பின் வங்கிகள் மட்டும் 2023-24இல் 31 லட்சம் பொதி கொடுத்தன, அதில் 11 லட்சத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு. வருகிறவர்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்குப் போகிற வீட்டைச் சேர்ந்தவர் என்று 2023இல் அவர்களே ஆய்வு செய்து சொன்னார்கள். வேலை போய் ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், கார் இன்னும் வாசலில் நிற்கும், அதன் கடனும் நிற்கும். நீங்கள் கண்ட கார் அப்படியும் இருக்கலாம்.

முதல் தடவை வருகிறவர்களை எனக்குத் தூரத்திலேயே தெரியும். வாசலை இரண்டு தரம் கடந்து போவார்கள். பிறகு வெளியே உள்ள அறிவித்தல் பலகையை நின்று வாசிப்பார்கள். அதில் வாசிக்க ஒன்றும் இல்லை, யோகா வகுப்பும் பியானோ வகுப்பும்தான். இப்போதெல்லாம் ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு நானே வெளியே போகிறேன். இது திருடும் முகமா என்று நீங்கள் ஒருநாள் வந்து பாருங்கள் அண்ணா.

தங்கச்சி, கட்டாயம் போங்கள். பாஸ்தா வேண்டாம், அரிசியும் பருப்பும் இருக்கிறதா என்று வாய் திறந்து கேளுங்கள். இருந்தால் மாற்றித் தருவோம், ஒருவரும் குறை நினைக்க மாட்டோம். அதைவிட முக்கியம் ஒன்று. நோய்க்காலக் காசு 28 வாரத்தோடு நின்றுவிடும். பங்குனியிலிருந்து எண்ணினால் புரட்டாதிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம். யூனிவர்சல் கிரெடிட் என்கிற அந்தக் கவர்ன்மென்ட் காசில் முதல் காசு வர 5 வாரம் செல்லும். இடையில் அட்வான்ஸ் தருவார்கள், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். நிற்கும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள், குறைந்த வருமானம் என்றால் இப்போதே தகுதி இருக்கலாம். அவரும் இத்தனை வருடம் வரி கட்டியவர்தான், அதைச் சொல்லிப் பாருங்கள்.

கைதடிக்காரன்:

பிள்ளை, எனக்கு 64 வயது. 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30 இரவு சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. பிறகு சாவகச்சேரியில் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நிவாரண வரிசை. மா, பருப்பு, சீனி. எனக்கு முன்னால் எனக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்ரர், வெள்ளை வேட்டியோடு, கையில் தலையணை உறை. பை இல்லாததால் உறையைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் "இந்த வாயைப் பிடி தம்பி" என்றார். நான் பிடித்தேன், மா கொட்டினார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

அந்த வரிசையில் நின்ற பெண்கள் பலரின் கழுத்திலும் கொடி இருந்தது. என் அம்மாவின் கழுத்திலும் இருந்தது. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது கொண்டுவர முடிந்தது அது ஒன்றுதான். கொடியைப் போட்டுக்கொண்டு ஏன் வந்தாய் என்று அங்கே யாரும் கேட்டதை நான் காணவில்லை. பள்ளி வாசலில் கதைக்கிறவர்களில் பாதிப் பேராவது அந்த வரிசையில் நின்றிருப்பார்கள், அல்லது அவர்களுடைய தாய் தகப்பன் நின்றிருப்பார்கள். இதை அவர்களிடம் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

நல்லூரான்82:

ஐயா, என் அப்பாவும் அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் வந்தார்கள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நான் அனுப்பிய காசு நாலு மாதமாகப் போய்ச் சேரவில்லை. அந்த நாலு மாதமும் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் கேட்டதே இல்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை.

ஏமாற்றுகிறவன் ஒருவனும் இல்லை என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன். ஆனால் தங்கச்சி, உங்கள் கேள்விக்குக் கீழே அதை எழுதியது பிழை. மன்னியுங்கள்.

மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. கைதடி ஐயா எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவருடைய ஆட்களும் அப்போது சாவகச்சேரியில்தானாம். கலியாணம் கட்டி 12 வருடம் இருக்கிறோம், இதுவரை சொன்னதில்லை.

செவ்வாய் போனேன். அரிசி கேட்டேன், 2 கிலோ தந்தார்கள், பருப்பு இல்லை, கொண்டைக்கடலை டின் தந்தார்கள். மகளும் வந்தாள், பையின் ஒரு காதை அவள் பிடித்தாள்.

கறிவேப்பிலை அக்கா, நேற்றிரவு இவரே ஃபோனில் விண்ணப்பத்தைத் திறந்தார். நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக எழுத வேண்டுமா, ஒன்று போதுமா?

கறிவேப்பிலை:

தனித்தனியாக இரண்டு கணக்குத் திறக்க வேண்டும். முதலில் திறப்பவருக்கு ஒரு குறியீடு வரும், அதை மற்றவருடைய கணக்கில் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வாடகை ஒப்பந்தமும் பாங்க் கணக்கு விபரமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்கேயாவது சிக்கினால் இங்கேயே எழுதுங்கள், இரவு 9க்குப் பிறகு நான் இருப்பேன்.