சொந்த டொமைனுக்கு மாறியதும் ஆட்சென்ஸ் விளம்பரம் வரவில்லை, 'தளம் கிடைக்கவில்லை' என்கிறது. உதவி தேவை

செல்கட்டம்:
வணக்கம். பிளாக்கரில் எக்செல் பாடங்களைத் தமிழில் எழுதி வருகிறேன். இலவச பிளாக்ஸ்பாட் முகவரியில் இருந்தபோதே கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் அனுமதி கிடைத்து, விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி இணைத்தேன். அதிலிருந்து விளம்பரம் வரவேண்டிய இடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

ஆட்சென்ஸில் 'தளங்கள்' பகுதிக்குப் போய்ப் புது டொமைனைச் சேர்த்தேன். 'தளம் இயங்கவில்லை அல்லது கிடைக்கவில்லை' என்று பதில் வந்தது. எனக்கோ மொபைலிலும் கணினியிலும் நன்றாகவே திறக்கிறது. நண்பர்களைப் பார்க்கச் சொன்னேன், அவர்களுக்கும் திறக்கிறது. தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பும் 'காணப்படவில்லை' என்று காட்டுகிறது. அதைப் பிளாக்கர் அமைப்புகளில் சேர்த்திருக்கிறேன், முகவரியை அடித்தால் கோப்பும் வருகிறது!

இன்னொன்று. விளம்பரம் ஓடிய கடைசி மாதத்தில் 3,000 பேஜ் வியூவுக்கு 1.20 டாலர்தான் சேர்ந்தது. தொடக்கத்தில் எல்லோருக்கும் இப்படித்தானா, இல்லை நான் ஏதாவது சரிசெய்ய வேண்டுமா?

மைக்கூடு:
முதலில் பிரவுசரில் ஆட் பிளாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள் சகோ. பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேதான். அப்புறம், விளம்பரம் திரும்ப வந்ததும் 'வேலை செய்கிறதா' என்று நீங்களே கிளிக் செய்து பார்த்துவிடாதீர்கள். நண்பர்களிடமும் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

செல்கட்டம்:
ஆட் பிளாக்கர் இல்லை. வேறு பிரவுசரிலும் இதே கதைதான். கிளிக் பற்றிச் சொன்னதற்கு நன்றி, கவனமாக இருக்கிறேன்.

வேகவண்டி:
இதற்கெல்லாம் ஏன் அலைகிறீர்கள்? பக்கத்துக்குப் பின்னால் தானாகத் திறக்கும் பாப் அண்டர் விளம்பர நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. ஒரே நாளில் அனுமதி, 5 டாலர் சேர்ந்தாலே எடுத்துக்கொள்ளலாம்.

மைக்கூடு:
எக்செல் படிக்க வந்தவருக்குப் பின்னால் ஒரு சூதாட்டப் பக்கம் திறந்தால் அவர் மறுபடி வருவாரா? ஆட்சென்ஸுடன் வேறு விளம்பர நிறுவனத்தைச் சேர்த்து ஓட்டுவதில் தடை இல்லை. ஆனால் வாசகரின் வழியை மறிக்கும் பாப் அப், பாப் அண்டர் உள்ள பக்கத்தில் கூகுள் விளம்பரம் வைக்கக் கூடாது, அது விதி. உள்ள அனுமதியையும் இழக்கும் வழி இது.

நூல்முனை:
செல்கட்டம், ஒன்று சோதித்துச் சொல்லுங்கள். முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ போடாமல், டொமைன் பெயரை மட்டும் அடித்தால் என்ன வருகிறது? பழைய முகவரி நினைவில் குறுக்கிடாமல் இருக்க இன்காக்னிட்டோ சன்னலில் பாருங்கள்.

செல்கட்டம்:
அட! 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை' என்கிறது. மூன்று டபிள்யூவுடன் அடித்தால் திறக்கிறது. நான் எல்லோருக்கும் அனுப்பிய இணைப்பிலும் டபிள்யூ இருந்தது, அதனால்தான் யாரும் சொல்லவில்லை போல.

நூல்முனை:
அதுதான் சிக்கல். இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றே. ஆட்சென்ஸில் நீங்கள் சேர்த்தது வெறும் டொமைன். பரிசீலனைக்கு வருகிறவர் அந்த முகவரியைத்தான் தட்டுவார். ஆட்ஸ்.டிஎக்ஸ்டியும் வெறும் டொமைனின் கீழேதான் தேடப்படும். உங்கள் கோப்பு டபிள்யூ முகவரியில் மட்டும் இருக்கிறது, அதற்குப் போகும் வழி அடைபட்டுக் கிடக்கிறது.

பழைய அனுமதி ஏன் கைகொடுக்கவில்லை என்றால், சொந்த டொமைனை இணைத்தவுடன் பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களைப் பிளாக்கரே புது முகவரிக்குத் திருப்பிவிடும். அப்போது விளம்பரம் கேட்பது, இன்னும் அனுமதி பெறாத ஒரு தளம். அதனால்தான் வெள்ளை இடம்.

டொமைன் வாங்கிய இடத்தில், பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பக்கத்தைத் திறங்கள். டபிள்யூ முகவரியைப் பிளாக்கருக்குக் காட்டும் சிநேம் பதிவை ஏற்கெனவே போட்டிருப்பீர்கள், அதைத் தொட வேண்டாம். வெறும் டொமைனுக்கு நான்கு 'ஏ' ரெக்கார்டு (பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் பதிவு) சேர்க்க வேண்டும். பெயர் இடத்தில், வெறும் டொமைனைக் குறிக்கும் @ குறி போடுங்கள். மதிப்புகள் இவை: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21.

முக்கியமான விஷயம், @ குறிக்கு எதிரே ஏற்கெனவே வேறு ஏதாவது 'ஏ' ரெக்கார்டு இருந்தால் நீக்கிவிடுங்கள். விற்ற நிறுவனம் தன் 'பார்க்கிங்' பக்கத்துக்காகப் போட்டு வைத்திருக்கும். அது இருந்தால் ஒருவருக்கு உங்கள் வலைப்பூ திறக்கும், இன்னொருவருக்கு விற்பனைப் பக்கம் திறக்கும். மண்டை காயும்.

பிறகு பிளாக்கர் அமைப்புகளில் 'வெளியீடு' பகுதியில் டொமைனைத் திருப்பிவிடும் பொத்தான் ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். டிஎன்எஸ் மாற்றம் பரவ சில மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாளைத் தாண்டும். வெறும் டொமைனோடு ஆட்ஸ்.டிஎக்ஸ்டி முகவரியை அடித்து, உங்கள் பதிப்பாளர் எண் உள்ள வரி தெரிந்த பிறகே மறுபடி பரிசீலனைக்கு அனுப்புங்கள். அவசரப்பட்டு அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

செல்கட்டம்:
@ குறிக்கு எதிரே நீங்கள் சொன்னது போலவே ஒரு பழைய ரெக்கார்டு இருந்தது. நீக்கிவிட்டேன். நான்கையும் சேர்த்துவிட்டேன். காத்திருக்கிறேன். வருமானக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

கணக்கன்:
சொல்கிறேன். 3,000 பார்வைக்கு 1.20 டாலர் என்றால் ஆயிரம் பார்வைக்கு 40 சென்ட். இதைத்தான் ஆர்பிஎம் என்பார்கள். இதே விகிதத்தில் 100 டாலரைத் தொட இரண்டரை லட்சம் பார்வை வேண்டும். 100 டாலர் ஏன் முக்கியம் என்றால், அதை எட்டினால்தான் பணம் வெளியே வரும். எட்டாத தொகை அழியாது, அடுத்த மாதத்தோடு சேர்ந்துகொள்ளும். எட்டிய மாதத்துக்கு அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் அனுப்புவார்கள். அதற்கு முன்பே 10 டாலரில் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும், அதனால் கணக்கில் உள்ள முகவரியை இப்போதே ஒழுங்காக எழுதி வையுங்கள்.

உங்களுக்குக் குறைவாக வருகிறதா என்றால், தமிழ் வலைப்பூவுக்கு இது வியப்பான எண் அல்ல. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். ஒவ்வொரு விளம்பர இடமும் ஏலத்தில் போகிறது. தமிழ்ப் பக்கத்துக்கு ஏலம் கேட்பவர்கள் குறைவு, விலையும் குறைவு. கூகுள் நடுவில் விழுங்கிவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் வழியாக வந்தால் அங்கே சராசரியாக 15% கழியும், மீதியில் 80% உங்களுக்கு. மொத்தத்தில் 68% கைக்கு வருகிறது. குறை அந்தப் பங்கில் இல்லை.

இப்போது கிளிக் எண்ணிக்கைக்குப் பணம் என்பதும் இல்லை. 2024 தொடக்கத்திலிருந்து விளம்பரம் காட்டப்படுவதற்கே கணக்கு. ஆகவே 'எப்படிக் கிளிக் வரவைப்பது' என்று யாராவது பாடம் எடுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் 3,000 பார்வையும் எங்கிருந்து வருகிறது?

செல்கட்டம்:
பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்கள். பதிவு போட்ட அன்று ஏறும், மறுநாள் விழுந்துவிடும்.

கணக்கன்:
நினைத்தேன். குழுவிலிருந்து வருகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். திடீரென்று ஒரே மூலத்திலிருந்து கூட்டம் வருவது செல்லாத ட்ராஃபிக் (போலி வருகை) போலத் தெரிந்தால் விளம்பரங்களுக்குத் தற்காலிகக் கட்டுப்பாடும் வரலாம். பெரும்பாலும் 30 நாளுக்குள் நீங்கும், சில சமயம் நீளும். பகிரவே கூடாது என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

உங்கள் தலைப்புக்குத் தேடி வருகிறவர்கள்தான் சொத்து. பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்அப் ஃபார்முலா எழுதி, அதில் கண்ணெதிரே இருக்கும் பெயருக்கு 'என்/ஏ' என்று பிழை வந்தால் ஒருவர் என்ன செய்வார்? உடனே தேடுவார். எண் போலத் தெரிவது உண்மையில் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம், பெயரின் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கலாம் என்று படத்தோடு விளக்கும் தமிழ்ப் பதிவு அவருக்குக் கிடைத்தால் கடைசி வரி வரை படிப்பார். 'எக்செல் என்றால் என்ன' என்ற பதிவை யாரும் அப்படிப் படிப்பதில்லை.

என்ன எழுதுவது என்பதற்கு, கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறங்கள். செயல்திறன் பகுதியில் எந்தத் தேடல் சொல்லுக்கு 8 முதல் 20 வரையான இடத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தப் பதிவுகளைத் திருத்தி விரிவாக்குவது, புதிதாக எழுதுவதைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

மைக்கூடு:
கூடவே ஒன்று. தானியங்கி விளம்பரத்தை இயக்கினால் அளவுப் பொத்தானை உச்சிக்குத் தள்ளாதீர்கள். ஃபார்முலாவுக்கும் அதன் விடைக்கும் நடுவே விளம்பரம் வந்து நின்றால் எனக்கே எரிச்சல் வரும்.

செல்கட்டம்:
நிலவரம் சொல்கிறேன். வெறும் டொமைன் இப்போது திறக்கிறது, தானாக டபிள்யூ முகவரிக்குப் போகிறது. கோப்பும் தெரிகிறது. மறுபடி அனுப்பினேன், தளம் 'தயார்' என்று வந்துவிட்டது! விளம்பரமும் ஓடுகிறது. ஆனால் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி மட்டும் இன்னும் 'காணப்படவில்லை' என்றே நிற்கிறது. மறுபடி ஏதாவது மாற்றவா?

நூல்முனை:
எதையும் தொடாதீர்கள். கூகுள் அந்தக் கோப்பை மறுபடி வந்து படிக்கச் சில நாள் எடுக்கும், பார்வை குறைந்த தளத்துக்கு ஒரு மாதம்கூட ஆகும். வரியில் உள்ள பதிப்பாளர் எண்ணும் உங்கள் கணக்கில் உள்ளதும் ஒன்றா என்று மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

செல்கட்டம்:
ஒப்பிட்டேன், ஒன்றுதான். சரி, அப்படியே விடுகிறேன். சர்ச் கன்சோலில் 'தேதி எண்ணாக மாறுகிறது' என்ற தேடலுக்கு 11-ஆம் இடத்தில் நிற்கிறேனாம். அந்தப் பதிவில் நான்கே வரிதான் எழுதியிருந்தேன், இன்று அதைத்தான் எடுக்கப்போகிறேன்.