பேஸ்புக் விளம்பரத்தில 214 பேர் ஃபோம் நிரப்பினவை, ஈமெயிலுக்கு ஒருத்தரும் பதில் போடினமில்லை. எங்க பிழை?

பந்தற்கால் | மாசி 9, இரவு 8.40

வணக்கம். நாங்கள் கோண்டாவில்ல இருந்து மணவறை, பந்தல், மேளம், சாப்பாடு எல்லாம் சேர்த்து கலியாண வீடு சாமத்திய வீடு செய்து குடுக்கிறம், அப்பா 20 வருசத்துக்கு மேல செய்த தொழில், இப்ப நானும் தம்பியும் பாக்கிறம். ஊர் ஆக்கள் வாய்க் கதையில வருவினம், அதில குறை இல்லை. வெளிநாட்டில இருந்து லீவுக்கு வந்து இங்க கலியாணம் வைக்கிற ஆக்களைப் பிடிக்கோணும் எண்டுதான் தை மாதம் பேஸ்புக்கில லீட் விளம்பரம் (விளம்பரத்திலயே ஃபோம் நிரப்பி விபரம் தாற வகை) போட்டனாங்கள். ஒரு நாளைக்கு 1500 ரூபா, மூண்டு கிழமை, கனடா லண்டன் பாரிஸ் சுவிஸ். 214 பேர் பேரும் ஈமெயிலும் போன் நம்பரும் தந்திருக்கினம். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

பிறகு ஈமெயில் அனுப்பிற சேவை ஒண்டில கணக்குத் திறந்து அஞ்சு மெயில் எழுதி, ரெண்டு நாளைக்கு ஒண்டு போற மாதிரி விட்டன். 41 வீதம் திறந்திருக்கினம் எண்டு காட்டுது. ஆனா பதில் மூண்டே மூண்டு. ஒராள் "நீங்கள் ஆர்?" எண்டு கேட்டார். இன்னொராள் நான் ஒண்டும் நிரப்பேல்லையே எண்டார். மற்றவ விலை கேட்டுப்போட்டு பேந்து சத்தமில்லை.

தம்பி சொல்லுறான் உது எல்லாம் பொய் ஆக்கள், காசு வீண், நிப்பாட்டுவம் எண்டு. எனக்கு அப்பிடிப் படேல்ல, ஏனெண்டால் பத்துப் பேருக்கு நான் போன் எடுத்துப் பாத்தன், ஆறு பேர் உண்மையா கலியாணம் வச்சிருக்கிற ஆக்கள், பிரம்ரன்ல ஒரு அம்மா முக்கால் மணித்தியாலம் கதைச்சவா, கூறை எங்க எடுக்கலாம் எண்டு கூடக் கேட்டவா. பிறகு ஏன் மெயிலுக்கு மட்டும் ஒருத்தரும் அசையினமில்லை? தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

கந்தரோடை | மாசி 9, இரவு 9.15

தங்கச்சி, பத்துக்கு ஆறு பேர் உண்மையான ஆக்கள் எண்டால் விளம்பரம் தன்ர வேலையைச் செய்திருக்கு, அதை நிப்பாட்டாதேங்கோ. பிழை அதுக்குப் பிறகுதான் எங்கயோ கிடக்கு. நாலு விசயம் சொல்லுங்கோ. மெயில் எந்த முகவரியில இருந்து போகுது? ஃபோம் நிரப்பி எவ்வளவு நேரத்தில முதல் மெயில் போகுது? ஃபோம்ல என்ன என்ன கேள்வி? முதல் மெயில்ல என்ன எழுதியிருக்கு?

பந்தற்கால் | மாசி 9, இரவு 9.50

முகவரி எங்கட ஜிமெயில்தான் அண்ணை, கடைக்கு எண்டு திறந்தது. ஃபோம் விபரத்தை தம்பி ஞாயிற்றுக்கிழமையில டவுன்லோட் பண்ணி ஏத்துவான், அதால ஒரு நாளும் ஆகும் ஆறு நாளும் ஆகும். ஃபோம்ல பேர், ஈமெயில், போன், அவ்வளவுதான், கேள்வி கூடினால் ஆக்கள் விட்டிட்டுப் போவினம் எண்டு நினைச்சன். முதல் மெயில்ல எங்களைப் பற்றியும் எல்லாப் பக்கேஜ் விலையும் ஒரு பிடிஎஃப்ல இருக்கு, 18 பக்கம்.

கந்தரோடை | மாசி 10, காலை 6.30

இரவு உங்கட ஃபோமை நானும் நிரப்பினன், பிறகு என்ர ஈமெயில் முகவரியைத் தனிய அனுப்பி உங்களைக் கொண்டு அந்த அஞ்சு மெயிலையும் எனக்கு அனுப்புவிச்சன் தானே. அஞ்சில நாலு ஸ்பாமுக்குள்ள. ஜிமெயிலில மெயிலைத் திறந்து மூண்டு புள்ளியை அமத்தி "ஷோ ஒரிஜினல்" எண்டதைப் பாத்தால் மேல எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம் பாஸ், அதுக்குக் கீழ டிமார்க் ஃபெயில் எண்டு கிடக்கு. அந்தக் கடைசி வரிதான் முழுக் கதையும். எஸ்பிஎஃப் எண்டது ஒரு டொமைனுக்காக (முகவரியில @ குறிக்குப் பின்னால வாற பேர்) எந்தச் சேர்வர் அனுப்பலாம் எண்ட பட்டியல், டிகேஐஎம் எண்டது டொமைனின்ர கையொப்பம், டிமார்க் எண்டது இந்த ரெண்டில ஒண்டாவது அனுப்புநர் முகவரியோட பொருந்துதோ எண்ட சோதினை.

என்ன நடக்குதெண்டால், மெயிலின்ர நெத்தியில, அனுப்புநர் எண்ட இடத்தில, ஜிமெயில் எண்டு எழுதியிருக்கு, ஆனா அனுப்பினது கூகிளின்ர சேர்வர் இல்லை, நீங்கள் காசு கட்டிற அந்தச் சேவையின்ர சேர்வர். எஸ்பிஎஃப்பும் டிகேஐஎம்மும் அந்தச் சேவையின்ர டொமைனுக்குப் பாஸ், நெத்தியில இருக்கிற டொமைனோட பொருந்தேல்ல, அதால டிமார்க் ஃபெயில். ஜிமெயில் முகவரியைப் போட்டு வேற சேர்வரால அனுப்பாதேங்கோ எண்டு கூகிள் அனுப்புநருக்கான விதியிலயே எழுதி வச்சிருக்கு. 2024 மாசியில இருந்து கூகிளும் யாஹூவும் சேர்ந்து இதை நல்லா இறுக்கிட்டினம். ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்பிறவைக்கு டிமார்க்கும் ஒரே அமத்தில விலகிற வசதியும் கட்டாயம், ஸ்பாம் எண்டு முறையிடுற அளவு 0.3 வீதத்தைத் தொடக்கூடாது. நீங்கள் 214தான் அனுப்பிறியள், எண்டாலும் முகவரி பொருந்தாட்டில் சின்ன ஆளுக்கும் அதே கதிதான். சொந்த டொமைன் ஒண்டு வாங்குங்கோ, அதில இருந்து அனுப்புங்கோ.

41 வீதத்தை நம்பி இருக்காதேங்கோ. மெயிலுக்குள்ள இருக்கிற படம் இறங்கினதை வச்சுத்தான் திறந்தது எண்டு சேவை எண்ணுது. ஆப்பிள் 2021இல இருந்து ஐபோன் மெயிலுக்கு வாற படங்களைத் தானே முன்கூட்டி இறக்கி வைக்குது, ஆள் கண்ணால பாக்காட்டிலும் திறந்ததா எண்ணுப்படும், உங்கட ஆக்கள் கனபேர் ஐபோன்காரர். ஆர் லிங்கை அமத்தினது, ஆர் பதில் போட்டது, அதை மட்டும் எண்ணுங்கோ.

இன்னொண்டு, ஃபோம்ல ஈமெயில் தானா நிரம்பும், பேஸ்புக் தொடங்கேக்க குடுத்த முகவரி. 2009இல திறந்த ஹொட்மெயிலை இப்ப ஆர் பாக்கினம்? "நான் நிரப்பேல்ல" எண்டு சொன்னவரும் கை பட்டு அனுப்பியிருப்பார், ரெண்டு தட்டில போயிடும். ஃபோம் வகையில கூடிய எண்ணிக்கை எண்டும் கூடிய விருப்பம் எண்டும் ரெண்டு இருக்கு, ரெண்டாவதை எடுத்தால் அனுப்ப முதல் விபரத்தைச் சரிபாக்கிற பக்கம் ஒண்டு வரும். கேள்வியும் ரெண்டு கூட்டுங்கோ, என்ன விசேசம், எந்த மாதம். எண்ணிக்கை குறையும், லீட் ஒண்டுக்கு இப்ப 147 ரூபா போகுது, அது ஏறும். ஏறட்டும். மாதம் சொல்லாத ஆளுக்கு என்னத்தை எழுதப் போறியள்?

ஸ்காபரோ அக்கா | மாசி 10, காலை 8.05

நான் மற்றப் பக்கத்தில இருந்து சொல்லுறன் பிள்ளை. போன வருசம் மகளின்ர கலியாணம் ஆவணியில சுன்னாகத்தில செய்தனாங்கள், அதுக்கு உங்களைப் போல மூண்டு பேரின்ர ஃபோம் நிரப்பினனான். நிரப்பினது இரவு சமையல் முடிச்சு கதிரையில இருக்கேக்க. அந்த நேரம் எனக்கு மனம் முழுக்கக் கலியாணம்தான். அஞ்சாம் நாள் மெயில் வரேக்க நான் வேலைக்குப் போற பஸ்ஸில, ஆர் இது எண்டு கூட விளங்கேல்ல. ஒராள் மட்டும் பத்து நிமிசத்தில ஒரு மெயில் போட்டவர், "அக்கா, ஆவணி எண்டு போட்டிருக்கிறியள், ஆடி முடியிற வரைக்கும் பார்த்திருந்து எல்லாரும் ஆவணி முகூர்த்தத்துக்குத்தான் வாறவை, மண்டபம் முதல்ல பிடியுங்கோ" எண்டு. விலை ஒண்டும் இல்லை. அவரிட்டத்தான் குடுத்தனாங்கள்.

அதோட, ஃபோம் நிரப்பிறது நானோ மகளோ, ஆனா முடிவு மானிப்பாயில இருக்கிற பெரியம்மாதான். மண்டபம் போய்ப் பாக்கிறது, ஐயரிட்ட நாள் கேக்கிறது, எல்லாம் அவ. நான் அந்த மெயிலை அப்பிடியே போனில பெரியம்மாவுக்குக் காட்டக்கூடிய மாதிரி இருக்கோணும். 18 பக்கப் பிடிஎஃப்பை அவ எந்தக் கண்ணால பாக்கிறது? ஒரு மணவறைப் படம், எத்தினை பேருக்குச் சாப்பாடு, முற்பணம் எவ்வளவு, இவ்வளவும் போதும்.

கனடாச் சட்டம் ஒண்டும் கவனியுங்கோ. ஆள் விசாரிச்சதை வச்சு ஆறு மாதத்துக்குத்தான் வியாபார மெயில் போடலாம், அதுக்குப் பிறகு வெளிப்படையாச் சம்மதம் வேணும். மெயிலுக்குக் கீழ உங்கட பேர், தபால் முகவரி, விலகிற லிங் இருக்கோணும், விலகினவரை பத்து வேலை நாளுக்குள்ள எடுத்துவிடோணும். 2014இல இருந்து இருக்கிற சட்டம்.

வடலி | மாசி 10, பகல் 12.20

ஏன் ஈமெயில்? எங்கட சனம் வட்ஸ்அப்பில தானே இருக்கு. பேசாமல் எல்லாருக்கும் அதில போடுங்கோ.

கந்தரோடை | மாசி 10, பகல் 1.10

முதல் கதைக்கு வட்ஸ்அப் நல்லம்தான், மறுக்கேல்ல. ஆனா கலியாணம் ஏழெட்டு மாதம் தள்ளி, அவ்வளவு காலமும் வட்ஸ்அப்பில தட்டிக்கொண்டு நிண்டால் ஆள் புளொக் பண்ணிடும். மெயில் கிடக்கும், ரிக்கற் போடேக்க தேடி எடுப்பினம். நேரத்தையும் பாருங்கோ தங்கச்சி, நீங்கள் காலமை 10க்கு அனுப்பிறது ரொறன்ரோவில முதல் நாள் இரவு 11.30, லண்டனில விடியப்புறம் 4.30. ரொறன்ரோ இரவு 7 மணி எண்டால் இப்பத்தைய நேரத்துக்கு இங்க விடிய 5.30. நாட்டைப் பிரிச்சு நேரம் போடுங்கோ. டவுன்லோட் வேலையையும் விடுங்கோ, ஃபோமையும் மெயில் சேவையையும் நேர இணைக்கலாம், நிரப்பின கையோட முதல் மெயில் போகும்.

பந்தற்கால் | மாசி 14, இரவு 10.05

அண்ணை டொமைன் வாங்கிட்டன். சேவை தந்த ரெக்கோட் (டொமைன் கணக்கில எழுதிற வரி) எல்லாம் போட்டன், ஒரு நாள் முழுக்கப் பொறுத்தன், இன்னும் "சரிபாக்கப்படேல்ல" எண்டு நிக்குது. சோதிச்சுப் பாத்தால் எஸ்பிஎஃப்புக்கு பெர்ம்எரர் எண்டு வருது, டிகேஐஎம் கிடைக்கவே இல்லையாம். எனக்குத் தலை சுத்துது.

கந்தரோடை | மாசி 14, இரவு 10.40

பாத்தன், ரெண்டு சின்னப் பிழை. எஸ்பிஎஃப் ரெக்கோட் ரெண்டு வச்சிருக்கிறியள், ஒண்டு மெயில்பெட்டிக்கு, ஒண்டு அனுப்பிற சேவைக்கு. ஒரு டொமைனுக்கு ஒண்டுதான் இருக்கலாம், ரெண்டு இருந்தால் ரெண்டும் செல்லாது. ரெண்டிலயும் இன்க்ளூட் எண்டு தொடங்கிற பகுதியை ஒரே வரியில சேர்த்துப்போட்டு மற்றதை அழியுங்கோ. டிகேஐஎம்மில, பேர் எழுதிற பெட்டிக்குள்ள முழு டொமைனையும் ஒட்டியிருக்கிறியள், உங்கட டொமைன் கணக்கின்ர பனல் அதுக்குப் பின்னால இன்னொருக்காத் தானா டொமைனைச் சேர்க்குது, அதால டொமைன் பேர் ரெண்டு தரம் நிக்குது. டொமைன்கீ எண்டு முடியிற வரைக்கும் மட்டும் எழுதுங்கோ.

டொமைன் புதுசு, 214 பேருக்கும் ஒரே நாளில விடாதேங்கோ. போனில கதைச்ச ஆறு பேரில இருந்து தொடங்குங்கோ, பதில் வர வர 20, 30 எண்டு கூட்டுங்கோ.

பந்தற்கால் | பங்குனி 8, இரவு 9.20

அண்ணை, அக்கா, மூண்டும் பாஸ்! பிரம்ரன் அம்மாவுக்குத்தான் முதல் மெயில், பிடிஎஃப் இல்லை, போன மாதம் நாங்கள் செய்த வாழைமரப் பந்தல் படம் ஒண்டு, கீழ நாலு வரி. அண்டைக்கே பதில், "இதை உரும்பிராயில என்ர அக்காவுக்கு அனுப்பிப்போட்டன், நாளைக்கு உங்களிட்ட வருவா" எண்டு. வந்தவா. முற்பணமும் தந்திட்டா. பழைய ஆக்களில இப்ப வரைக்கும் 90 பேருக்குப் போயிருக்கு, 17 பேர் பதில், ரெண்டு கலியாணம் ஒரு சாமத்திய வீடு உறுதி. புது ஃபோம்ல ஒரு கிழமைக்கு 20 பேர்தான் வருகினம், ஆனா எல்லாரும் மாதம் சொல்லுகினம். தம்பியும் இப்ப விளம்பரத்தை நிப்பாட்டச் சொல்லுறேல்ல.

ஒரு கேள்வி. இடையில விளம்பரத்தின்ர படத்தையும் காசையும் நாளுக்கு நாள் மாத்திக்கொண்டு இருந்தனான், அது பரவாயில்லையோ? தை மாதத்து விபரம் இன்னும் பேஸ்புக்கிலதான் கிடக்கு, பிறகும் எடுக்கலாம் தானே?

கந்தரோடை | பங்குனி 8, இரவு 9.45

மாத்தாதேங்கோ. ஒவ்வொரு பெரிய மாத்தத்துக்கும் விளம்பரத்தை ஆருக்குக் காட்டுறது எண்டு பேஸ்புக் திரும்ப முதல்ல இருந்து படிக்கத் தொடங்கும், நிலைக்கு வர ஒரு கிழமைக்குள்ள 50 லீட் அளவு வேணும். உங்களுக்கு 20தான் வருது, அப்ப நாட்டுக்கு நாடு பிரிச்ச விளம்பரங்களை ஒண்டாக்கிப்போட்டு ரெண்டு கிழமை கை வைக்காமல் விடுங்கோ.

விபரம் 90 நாள்தான் அங்க இருக்கும், அதுக்குப் பிறகு டவுன்லோட் பண்ண ஏலாது. தை நடுவில தொடங்கினது எண்டால் சித்திரை நடுவில போகத் தொடங்கிடும். இண்டைக்கே இறக்கி வையுங்கோ.

பந்தற்கால் | பங்குனி 8, இரவு 10.02

இறக்கிட்டன் அண்ணை, 214ம் இருக்கு.