மறு: தொடுபலகையில் 'டேப்': தட்டலா, ஒற்றலா?

வணக்கம்.

மடிக்கணினியின் டச்பேடைத் தமிழில் தொடுபலகை என்பதா தொடுதளம் என்பதா என்று இங்கே நடக்கும் சண்டைக்குள் நான் வரவில்லை. இயக்குதளம், வலைத்தளம் என்று 'தளம்' ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. விசைப்பலகைக்குப் பக்கத்தில் தொடுபலகை இருந்துவிட்டுப் போகட்டும். வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு 'இயக்கி' ஊன்றிவிட்டது, அதையும் கிளற வேண்டாம். என் பிரச்சினை 'டேப்', அதாவது பொத்தானை அழுத்தாமல் விரலை வைத்து எடுத்தே கிளிக் செய்வது. தமிழாக்கங்களில் இதுவரை அதைத் 'தட்டல்' என்று எழுதிவருகிறோம். அது சரிப்படாது என்பதை என் மடிக்கணினியே காட்டிக்கொடுத்தது.

லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவியதும் சுட்டி நகர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு விரலால் பக்கத்தை உருட்ட முடியவில்லை; தட்டினால் சொடுக்கு (கிளிக்) விழவில்லை. "தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை, இயக்கிக் கோளாறா?" என்று ஓரிடத்தில் கேட்டேன். வந்த முதல் பதில்: விசைப்பலகைத் தளவமைப்பை மாற்றிப் பாருங்கள்! அவர்மேல் தப்பில்லை. தட்டுவது என்றதும் தட்டச்சுதானே நினைவுக்கு வரும்.

பிறகு நானே தோண்டினேன். லினக்ஸில் தொடுபலகை, மவுஸ் போன்றவற்றின் உள்ளீட்டைக் கையாளும் நிரலகம் லிப்இன்புட். அதன் 'லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்' கட்டளையை சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால், வரும் சாதனப் பட்டியலில் தொடுபலகையே இல்லை. அதன் இடத்தில் 'பிஎஸ்/2 ஜெனரிக் மவுஸ்' (பொதுவகை மவுஸ்) உட்கார்ந்திருந்தது. தொடுபலகையின் மொழி கர்னலுக்கு (இயக்குதளத்தின் உட்கருவுக்கு) பிடிபடாவிட்டால், அது சாதாரண மவுஸாகவே நடத்தப்படும். எத்தனை விரல் வைத்தாலும் மேலே போய்ச் சேருவது நகர்வும் பொத்தானும் மட்டும்தான். இவற்றுக்கான கர்னல் இயக்கியான 'பிஎஸ்மவுஸ்' கூறை 'மோட்புரோப்' கட்டளை மூலம் கழற்றி மறுபடி ஏற்றினேன். இந்த முறை சினாப்டிக்ஸ் டச்பேட் என்ற பெயரோடு வந்தது. உருட்டலும் வந்துவிட்டது.

தட்டல் மட்டும் வரவில்லை! பட்டியலை மறுபடி பார்த்தால், 'டேப்-டு-கிளிக்: டிசேபிள்டு'. அதாவது இது கோளாறே இல்லை. பொத்தான் உள்ள தொடுபலகைகளில் லிப்இன்புட் இதை இயல்பிருப்பாக அணைத்தே வைக்கிறது. எக்ஸ் என்ற திரைச்சாளர அமைப்பின் அமர்வில், 'எக்ஸ்இன்புட்' கட்டளை கொண்டு அந்தப் பண்பை 1 (இயக்கு) ஆக்கியதும் முடிந்தது.

இப்போது தொடுபலகைக்கான அமைப்புகள் பக்கத்தின் தமிழாக்கத்தைப் பாருங்கள். 'தட்டச்சின்போது முடக்கு', அதற்குக் கீழே 'தட்டிச் சொடுக்கு', அதற்கும் கீழே 'தட்டி இழு'. மூன்று வரியும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன. அவசரத்தில் எதை அணைத்தோம் என்றே தெரியாது.

நான் முன்வைக்கும் சொல் 'ஒற்றல்'. பஞ்சை மருந்தில் தோய்த்துக் காயத்தில் ஒற்றி எடுக்கிறோம் அல்லவா, அதே செயல்தான்: மெல்ல வைத்து, நகர்த்தாமல், உடனே எடுப்பது. இயக்கியும் அதைத்தான் பார்க்கிறது. விரல் இறங்கிச் சட்டென்று மேலெழ வேண்டும், நடுவில் நகரக் கூடாது. தட்டலில் ஓசையும் வேகமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கதவைத் தட்டுவதுபோல.

'ஒற்று' என்றால் இலக்கணத்தில் மெய்யெழுத்து ஆயிற்றே என்பார்கள். ஒற்றனும் ஞாபகத்துக்கு வருவான். (இயக்கிக்குள் ஒற்றன் என்று யாராவது வழு (பிழைப் புகார்) பதியாமல் இருந்தால் சரி.) அதனால்தான் பெயர்ச்சொல்லுக்கு 'ஒற்று' வேண்டாம், 'ஒற்றல்' என்கிறேன். வினையில் குழப்பமே இல்லை: ஒற்றிச் சொடுக்கு, ஒற்றி இழு. இரு விரல் ஒற்றல் வலச் சொடுக்கு, மூவிரல் ஒற்றல் நடுச் சொடுக்கு.

'தொடல்' போதாதா என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். போதாது. சுட்டியை நகர்த்தவும் தொடத்தானே வேண்டும்?

வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதை அந்த மூன்று வரிகளிலும் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.