அம்மம்மாவின்ர ரின்னுக்குள்ள கிடந்த குத்திக்காசு, எதை வச்சிருக்கிறது எதை விக்கிறது?

கொக்குவிலான்:
எல்லாருக்கும் வணக்கம். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு முதல் அம்மம்மா கோடிக்குள்ள தாட்டு வச்ச பால்மா ரின் ஒண்டு, போன கிழமை கதியால் போடக் கிடங்கு வெட்டேக்க வெளிய வந்தது. ரின் உக்கிப்போச்சு, உள்ளுக்குச் சீலைத்துண்டில முடிஞ்சபடி எழுபது எண்பது குத்தி, பாதி பச்சை பூத்துக் கிடக்கு. சதுர ஐஞ்சு சதம், பூ மாதிரி விளிம்பு வளைஞ்ச பத்துச் சதம், பனை மாதிரி மரம் போட்ட செப்புச் சதம், அதுக்குள்ள விக்டோரியா ராணி போட்ட 1901 இந்திய ரூபா ஒண்டும். மகன் ஏழாம் ஆண்டு படிக்கிறான், இதைக் கண்ட நாள் துவக்கம் சோறு தண்ணி இல்லை, இலங்கைக் காசு மட்டும் வருசப்படி சேக்கப்போறானாம். அப்ப அந்த இந்தியக் காசை விலக்கிறதோ? டவுனில ஒரு கடைக்காரர் எல்லாத்தையும் நிறுத்து எடுக்கிறன் எண்டவர். பேந்து, நான் பத்துப் பன்னிரண்டைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கிப்போட்டன், நல்ல பளபளப்பு. மிச்சத்தையும் செய்யவோ?

செப்புச்சல்லி:
ஐயோ அண்ணை புளியைக் கொண்டுபோய்க் குசினியில வையுங்கோ!! புளி மேல்தோலைத் தின்னும், எழுத்தின்ர கூர் போயிடும், சேக்கிற ஆக்கள் மினுக்கின காசைக் கையாலும் தொடமாட்டினம். மண்ணைக் கழட்ட வேணுமெண்டால் பற்றரிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணியில (அசிட் இல்லை) ஒரு ராத்திரி ஊறப்போட்டு, தேய்க்காமல் பஞ்சுத்துணியில ஒத்தி எடுங்கோ. விளிம்பில மட்டும் பிடியுங்கோ. நிறுத்து வாங்கிற ஆளுக்கு ஒண்டையும் குடுக்காதேங்கோ.

பழங்காசுக்காரன்:
அந்த இந்திய ரூபாவை விலக்கினால் சேகரிப்பே நொண்டிப்போயிடும் தம்பி. 1872இல சதக்கணக்குச் சட்டமாகி ஒரு ரூபாக்கு நூறு சதம் எண்டு வந்தாலும் இலங்கை தனக்கெண்டு சதக்காசுதான் அடிச்சது, ரூபாக் குத்தி அடிக்கேல்லை, 1957 வரைக்கும். கையில புழங்கின ரூபாக் குத்தி இந்திய வெள்ளி ரூபாதான், 11.66 கிராம், இஞ்சையும் சட்டப்படி செல்லும். அதுவும் எங்கட பக்கத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போன காலம், அம்மம்மாவின்ர ஆக்களிட்ட அது இல்லாட்டித்தான் அதிசயம். தாள்காசும் அப்பிடித்தான், 1884இல, தாள் அடிச்சுக்கொண்டிருந்த ஓரியன்டல் வங்கி முறிஞ்ச பிறகுதான் அரசாங்கம் ரூபாத் தாள் அடிக்க இறங்கினது.

இப்ப மகனை வருசத்தை மட்டும் பாக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, உலோகத்தைப் பாக்கச் சொல்லுங்கோ. 1892 ஐம்பது சதம் எண்பது வீதம் வெள்ளி. முதல் உலக யுத்தத்தோட வெள்ளி விலை ஏற, 1919இல இருந்து ஐம்பத்தஞ்சு வீதம். 1943இல வெள்ளியே இல்லை, மஞ்சள் பித்தளை. சதுர ஐஞ்சு சதமும் 1909இல வரேக்க வெள்ளை நிக்கல் கலப்பு, 1942இல அதுவும் பித்தளையாப் போச்சு, ஏனெண்டால் நிக்கல் யுத்தத்துக்குப் போயிட்டுது. மரம் போட்ட சதத்தில 1942க்குப் பிறகு வந்ததை எடுத்துப் பழசுக்குப் பக்கத்தில வச்சால் மெல்லிசு கையிலயே தெரியும். 1963இல ஒரு சதம் ரெண்டு சதம் அலுமினியம். நாங்கள் கிணத்தடி வாளியில மெதுவா விட்டு மிதக்கப் பண்ணி விளையாடினது அந்தச் சதத்தைத்தான், கடையில அதுக்கு ஒரு இனிப்பும் வராது.

நல்லூர்ப்பெடியன்:
எலிசபெத் ராணி போட்ட ரூபாக் குத்தி லட்சக்கணக்கில போகுதாம், யூடியூப்பில பாத்தனான். உதுக்குள்ள கிடக்கோ?

பழங்காசுக்காரன்:
உந்த யூடியூப் கதையை நம்பாதேங்கோ. எலிசபெத் ராணி இலங்கையின்ர புழங்கு காசில வந்தது ரெண்டு சதத்தில மட்டும், 1955, 1957 வருசம். 1957 ரூபா புத்த ஜயந்திக்கு அடிச்சது, அதில ராணியே இல்லை. ரெண்டு சதம் கனக்க அடிச்சது, லட்சமும் இல்லை ஒண்டும் இல்லை.

சுன்னாகத்தாள்:
சின்னப் பெடியனுக்கு இண்டைக்குக் கையில வாற காசிலயும் வேலை இருக்கு. 2013 திகதி போட்ட பத்து ரூபா, 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொண்டு, கடை மிச்சத்திலயே பாதி சேத்திடலாம் (ரொபி தந்து ஏமாத்தாட்டி). மத்திய வங்கிக்கு எழுபது வருசம் எண்டு அடிச்ச ஏழு மூலை இருவது ரூபாக் குத்தியும் இருக்கு. பழைய செப்பு நிக்கல் கலப்பு ரூபாக் குத்தியில காந்தம் ஒட்டாது, உருக்குக்கு மேல பூச்சுப் பூசி வந்ததில டக்கெண்டு ஒட்டும்.

கொக்குவிலான்:
நன்றி எல்லாருக்கும். மினுக்கினதுக்குள்ள ரெண்டு சதம் ஒண்டு, 1957, ராணி இருக்கிறா, ஆனால் மூக்கு போயிட்டுது. இந்திய ரூபா முன்வரிசைக்கு வந்திட்டுது. மகன் ஃபிரிஜ்ஜில கிடந்த காந்தத்தைக் கழட்டிக்கொண்டு வீடு முழுக்கத் திரியிறான், என்ர பேர்சும் தப்பேல்லை.