டொமினிக் ஹாஷெக் 28 வயது வரை ஏன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்?

வலைக்குப் பின்னால் (கேள்வி):

எனக்கு ஐஸ் ஹாக்கி புதிது. போன மாதம் 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியை யூடியூபில் பார்த்தேன், அதிலிருந்து வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. கனடாவும் செக் குடியரசும் 1-1 என்று நிற்க, கடைசியில் ஷூட்அவுட். கனடா பக்கம் ஃப்ளூரி, போர்க், நியூவெண்டைக், லின்ட்ராஸ், ஷானஹன் என்று ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஒருவராலும் செக் கோல்கீப்பர் ஹாஷெக்கைத் தாண்டி வலைக்குள் போட முடியவில்லை. செக் அணிக்கு ராபர்ட் ரைஷெல் போட்ட ஒன்றே போதுமானதாகிவிட்டது. இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று ஜெயித்துத் தங்கம். இத்தனைக்கும் கனடாவின் மிகப் பெரிய ஆட்டக்காரர் வேய்ன் கிரெட்ஸ்கியை ஷூட்அவுட்டுக்கு அனுப்பவே இல்லை, அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

சரி, என் கேள்வி இதுதான். பிறகு ஹாஷெக்கைப் பற்றித் தேடிப் படித்தால், வட அமெரிக்காவின் பெரிய லீகான என்.எச்.எல்.லுக்கு வந்தது 25 வயதில், நிரந்தர கோல்கீப்பர் ஆனது 28 வயதில் என்று இருக்கிறது. இவ்வளவு திறமை உள்ள மனிதரை அத்தனை வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லையா? இல்லை, கோல்கீப்பர்கள் எல்லோருக்குமே இப்படித்தான் தாமதமாகுமா?

பர்துபிட்ஸே ரசிகன்:

யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது சரியில்லை. அமெரிக்கா கண்டுகொள்ளவில்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள். சொந்த ஊரான பர்துபிட்ஸேயில் 16 வயதிலேயே செக்கோஸ்லோவாகியாவின் முதல்நிலை லீகில் ஆட ஆரம்பித்துவிட்டார். 1987, 1989 இரண்டு வருடமும் அந்த அணி சாம்பியன். நாட்டின் சிறந்த வீரர் விருதையே மூன்று முறை வாங்கினார், அதுவும் கோல்கீப்பராக. கூடவே வாத்தியார் வேலைக்குப் படித்து முடித்தார்.

1983இல், என்.எச்.எல். அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது, ஆனால் பத்தாவது சுற்றில். அந்தக் காலத்தில் இரும்புத்திரைக்குப் பின்னால், அதாவது கம்யூனிச நாட்டில் இருந்த ஆட்டக்காரரை எடுத்தால் அவர் வருவாரா மாட்டாரா என்றே தெரியாது, அதனால் சும்மா ஒரு துண்டு போட்டு வைப்பார்கள். தன்னைத் தேர்ந்தெடுத்த விஷயமே ஹாஷெக்குக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. 1989இல் ஆட்சி மாறிய பிறகு, 1990இல்தான் அவர் கிளம்பிப் போனார். ஆக, அந்த 25 வயதில் பெரும்பகுதிக்கு அரசியல்தான் காரணம். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போன இடத்தில் பார்த்தால் எட் பெல்ஃபோர். அந்த வருடம் லீகின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதை வாங்கியவரே அவர்தான். இருப்பது ஒரு வலை, அதன் முன்னால் நிற்பது ஒரே ஆள். ஹாஷெக் இரண்டு சீசனில் 25 ஆட்டம் ஆடினார், மற்ற நேரமெல்லாம் இண்டியானாபோலிஸில் கீழ்நிலை லீகில். 1992இல் அவரை பஃபலோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே போனால் கொஞ்ச நாளில் கிராண்ட் ஃபியூர் என்ற கோல்கீப்பர் வந்து சேர்கிறார், எட்மன்டனில் கோப்பை மேல் கோப்பை வாங்கியவர்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1993இல் ஃப்ளோரிடா, அனஹைம் என்று இரண்டு புது அணிகள் வந்தபோது, பழைய அணிகள் காப்பாற்றி வைக்காத வீரர்களில் யாரை வேண்டுமானாலும் அவை எடுத்துக்கொள்ளலாம். பஃபலோ ஃபியூரைக் காப்பாற்றி வைத்தது, ஹாஷெக்கை விட்டது. அந்த இரண்டு அணியும் அவரைத் தொடவில்லை. அடுத்த சீசனிலேயே வெசினா ஹாஷெக்குக்கு!

நீலக்கோடு:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் ஆடிய விதத்தை விட்டுவிட்டீர்கள். பயிற்சியாளர்கள் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கோல்கீப்பர் என்றால் கோணம் பார்த்து நிற்க வேண்டும், இல்லையென்றால் பட்டர்ஃபிளை, அதாவது முட்டி இரண்டையும் சேர்த்துப் பனியில் ஊன்றி, பாதங்களை இரண்டு பக்கமும் விரித்து அடிப்பகுதியை அடைக்க வேண்டும். நாகானோவில் எதிர்முனையில் நின்ற பாட்ரிக் ருவாதான் இதைப் பரப்பியவர். ஹாஷெக் இந்த இரண்டிலும் சேரமாட்டார். மல்லாந்து படுத்து இரண்டு காலையும் தூக்குவார். குப்புற விழுந்தபடி முதுகுக்குப் பின்னால் கையை வீசுவார். பக், அதாவது ஆடும் ரப்பர் வட்டு, அருகில் கிடந்தால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, மட்டை பிடித்த அந்தக் கையாலேயே அமுக்குவார். முதல் தடவை பார்ப்பவருக்கு இவர் தடுமாறி விழுகிறார் என்றுதான் தோன்றும். அந்த ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: விழுந்து கிடக்கும்போதும் கண் பக்கை விட்டு நகராது. ஆறடி அகலம் நாலடி உயர வலையில் எந்த மூலை திறந்திருக்கிறது என்பது அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

1993 நவம்பரில் ஃபியூருக்குக் காயம், ஹாஷெக்குக்கு இடம் கிடைத்தது. அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.95 கோல்தான் விட்டார். 1974இல் பெர்னி பேரன்ட்டுக்குப் பிறகு இரண்டுக்குக் கீழே போன முதல் ஆள் அவர். அப்புறம் 1994 ஏப்ரல் 27, கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றில் நியூ ஜெர்சியோடு ஆறாவது ஆட்டம். மூன்று பீரியட் முடிந்தும் 0-0, கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் நாலாவதில்தான் டேவ் ஹானன் போட்டார், 1-0. ஹாஷெக் தடுத்தது 70 அடி. 170 கிராம் கெட்டி ரப்பர் எழுபது முறை உங்களை நோக்கி வருகிறது, ஒன்றைக்கூட விடக்கூடாது. எதிர்ப்பக்கம் நின்றது 21 வயது மார்ட்டின் புரோடர், பின்னாளில் 691 வெற்றிகளோடு ஓய்வு பெற்றவர். ஏழாவது ஆட்டத்தில் பஃபலோ தோற்று வெளியேறியது, அது வேறு கதை.

ஸ்கார்பரோ அப்பா:

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்தை எழுதுகிறேன். மகனுக்குப் பதினொரு வயது, மூன்று வருடமாக கோல்கீப்பர். காலை ஆறு மணிக்குப் பனித்தரை என்றால் ஐந்தேகாலுக்கே அங்கே நிற்போம், ஏனென்றால் மற்றப் பிள்ளைகள் உடுத்தி முடித்த பிறகும் இவனுடைய பேடுகளுக்கு வார் கட்டிக்கொண்டிருப்பேன். கோல் விழுந்தால் திரும்பி, வலைக்கு மேலே இருக்கும் தண்ணீர்ப் போத்தலை எடுத்து முகத்தில் பீச்சிக்கொள்வான். அந்தப் பத்து விநாடி நான் மூச்சு விடமாட்டேன். மறுபடி குனிந்து நிற்கிறானா என்று மட்டும் பார்ப்பேன்.

போன வருடம் அவனை எடுத்த அணியில் இன்னொரு பையன் முதல் கோல்கீப்பர். இரண்டாவது கோல்கீப்பரின் வேலை என்ன தெரியுமா? பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆட்டக்காரர் மாறும்போதெல்லாம் கதவைத் திறந்து மூட வேண்டும். பல ஆட்டங்களில் என் மகன் முழுக் கவசத்தோடு கதவுதான் திறந்தான். மற்ற இடங்களில் ஆடுபவனுக்கு முதல் வரிசை இல்லையென்றால் நாலாவது வரிசையாவது உண்டு, ஒரு நிமிடமாவது காலில் பனி படும். கோல்கீப்பருக்கு அது இல்லை. 1990இல் என்.எச்.எல்.லில் 21 அணி, அணிக்கு இரண்டு பேர் என்று வைத்தால் உலகம் முழுக்க 42 இடம், அதில் உண்மையில் ஆடுவது பாதிப்பேர். அதனால்தான் தாமதம்.

ஹாஷெக் மட்டும் இல்லை, டிம் தாமஸைப் பாருங்கள். பின்லாந்து, ஸ்வீடன் என்று சுற்றி, பாஸ்டனில் நிலையான இடம் பிடிக்கும்போது 31 வயது. 2011இல் 37 வயதில் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை, அந்தத் தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். வான்கூவரில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஒரு கோல் விடவில்லை. மகனோடு சேர்ந்து வடிவாகப் பார்த்த ஆட்டம் அது, பழைய பதிவுதான், என்றாலும் கடைசி நிமிடத்தில் அவன் சோபாவில் உட்காரவே இல்லை.

வலைக்குப் பின்னால்:

அண்ணா, அந்தக் கதவு விஷயம் மனதைப் பிசைகிறது. பையன் இப்போது ஆடுகிறானா?

ஸ்கார்பரோ அப்பா:

ஆடுகிறான். இந்த வருடம் வேறு அணி, ஆட்டம் மாற்றி ஆட்டம் அவனுக்கு.

நீலக்கோடு:

ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். காத்திருந்தவனுக்கெல்லாம் இடம் கிடைத்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஃபியூரின் முட்டி நன்றாக இருந்திருந்தால் ஹாஷெக் என்ன ஆகியிருப்பார்? கதவு திறந்தே வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஹாஷெக் செய்தது வேறு, கிடைத்த இடத்தைப் பிறகு விடவே இல்லை. ஆறு வெசினா. 1997, 1998 இரண்டு வருடமும் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது. அதை இரண்டு முறை வாங்கிய கோல்கீப்பர் அவர் ஒருவர்தான். 1999இல் பஃபலோவை இறுதிவரை இழுத்து வந்தார். ஆறாவது ஆட்டம், மூன்றாவது கூடுதல் நேரம், எதிரணி டல்லஸின் பிரெட் ஹல் அடித்த கோலில் கோப்பை போனது. அப்போது ஹல்லின் கால் ஹாஷெக் முன்னால் இருந்த நீலக் கட்டத்துக்குள் இருந்தது, அந்த வருட விதிப்படி அது செல்லுமா என்று பஃபலோக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் செல்லாது.

பர்துபிட்ஸே ரசிகன்:

எனக்கும் அப்படித்தான். கோப்பை கடைசியில் டெட்ராய்ட்டில் 2002இல் கிடைத்தது, 37 வயதில். ஓய்வு அறிவித்தார், திரும்ப வந்தார், 2006 டூரின் ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்திலேயே தொடை இழுத்துக்கொண்டு அந்த வருடமே போச்சு. அப்புறம் மறுபடி டெட்ராய்ட். 2008 ப்ளேஆஃப் முதல் சுற்றின் நடுவிலேயே பயிற்சியாளர் கிறிஸ் ஆஸ்குட்டை இறக்கிவிட்டார். டெட்ராய்ட் கோப்பையை வென்றபோது ஹாஷெக் பெஞ்சில் இருந்தார், சிகாகோவில் இருந்த மாதிரியே. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. பர்துபிட்ஸேக்குத் திரும்பிப் போய் 2010இல் சாம்பியன் ஆனார், 45 வயதில், ஆட ஆரம்பித்த அதே ஊரில், வலைக்கு முன்னால் நின்று. அடுத்த வருடம் மாஸ்கோவில் ஸ்பார்டக் அணிக்கு ஆடினார்.

வலைக்குப் பின்னால்:

மிக்க நன்றி, எல்லோருக்கும். இன்று இரவு அந்த 70 அடி ஆட்டத்தைத் தேடப் போகிறேன். அண்ணா, மகனுடைய அடுத்த ஆட்டம் எப்படிப் போனது என்று இங்கேயே எழுதுங்கள்.